காதல் கடிதம் முதல் கல்யாண அழைப்பிதழ் வரை: ஏமாற்று இணைப்புகளின் கதை



நம் வாட்ஸ்அப் குழுவில் தண்ணீர் லாரி, லிஃப்ட் பழுது, பார்க்கிங் தகராறு ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக அடிக்கடி வரும் கேள்வி ஒன்று உண்டு. "இப்படி ஒரு ஃபைல் வந்திருக்கிறது, திறக்கலாமா?" சிலருக்கு அது போக்குவரத்து அபராத ரசீதாக வருகிறது. சிலருக்கு வருமான வரி ரீஃபண்ட், கூரியர் விவரம், வங்கியின் கேஒய்சி படிவம். இப்போது தூரத்து உறவினரின் கல்யாண அழைப்பிதழாகவும் வருகிறது. குழுவில் கேட்பவர்கள் புத்திசாலிகள். கேட்காமல் திறந்தவர்களுக்குத்தான் பிறகு சிரமம்.

இது செல்போன் வந்த பிறகு முளைத்த புதுத் தொல்லை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் இந்த வித்தைக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. அட்டாச்மென்ட் என்று நாம் சொல்லும் இணைப்பு மின்னஞ்சலில் பரவலாவதற்கு முன்பே இது தொடங்கிவிட்டது. அந்த வரலாற்றைப் படித்தால் ஒன்று தெளிவாகும்: "தெரியாதவர் அனுப்பியதைத் திறக்காதே" என்று நாம் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சொல்லி வரும் அறிவுரை பாதிதான் சரி. பெரிய சேதங்களில் பலவும் தெரிந்தவர் பெயரில்தான் வந்தன.

சொல்லைத் தட்டினால் கிறிஸ்துமஸ் மரம்

1987 டிசம்பர். மேற்கு ஜெர்மனியின் கிளவ்ஸ்டால் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் சின்ன நிரல் ஒன்றை எழுதி நண்பர்களுக்கு அனுப்பினார். அன்று பல்கலைக்கழகங்களையும் ஆராய்ச்சி நிலையங்களையும் இணைத்த ஏர்ன், பிட்நெட் போன்ற வலையமைப்புகள் இருந்தன. ஐபிஎம் நிறுவனத்துக்குத் தனி வலையமைப்பு இருந்தது. நிரலைப் பெற்றவர் 'கிறிஸ்துமஸ்' என்று தட்டினால் திரையில் எழுத்துகளாலேயே வரைந்த கிறிஸ்துமஸ் மரம் ஒன்று தோன்றும். வாழ்த்தும் வரும்.

மரத்தை ரசித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் நிரல் இன்னொரு வேலையையும் செய்தது. அந்தக் கணினியில் இருந்த முகவரிப் பட்டியலைப் படித்து, அதில் உள்ள எல்லோருக்கும் தன் நகல் ஒன்றை அனுப்பியது. பெற்றவர்களுக்கு அது தெரிந்த நண்பர் அனுப்பிய வாழ்த்தாகத் தெரிந்தது. அவர்களும் தட்டினார்கள். சில நாட்களில் அது ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வரை பரவி, ஐபிஎம்மின் உள் வலையமைப்பையே திணற வைத்தது.

அந்த நிரல் எந்தக் கோப்பையும் அழிக்கவில்லை, எவர் பணத்தையும் திருடவில்லை. ஆனாலும் பின்னால் வந்த அத்தனை மோசடிகளுக்கும் தேவையான மூன்று பொருள்களும் அதில் இருந்தன. ஆசையைத் தூண்டும் ஒரு பொருள், தெரிந்தவரின் பெயர், பெறுபவரே தன் கையால் திறக்க வேண்டும் என்ற ஏற்பாடு.

தபாலில் வந்த ஃபிளாப்பி

இரண்டே ஆண்டுகளில் அந்த ஏற்பாட்டில் பணம் நுழைந்தது. 1989 டிசம்பரில் லண்டனிலிருந்து சுமார் 20,000 ஃபிளாப்பி டிஸ்க்குகள் பல நாடுகளுக்குத் தபாலில் போயின. எய்ட்ஸ் மாநாட்டில் பங்கேற்றவர்கள், கணினிப் பத்திரிகைச் சந்தாதாரர்கள் எனப் பட்டியல் பார்த்து அனுப்பியிருந்தார்கள். உறையின் மேல் எய்ட்ஸ் பற்றிய அறிமுகத் தகவல் என்று இருந்தது. அந்த நோயைப் பற்றிய பயம் உச்சத்தில் இருந்த காலம் அது. உள்ளே போட்டால், கேள்விகள் கேட்டு உங்களுக்கு நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு என்று சொல்லும் நிரல் ஒன்று நிஜமாகவே இருந்தது.

அதோடு சேர்ந்து இன்னொன்றும் கணினியில் உட்கார்ந்துகொண்டது. கணினியை எத்தனை முறை இயக்குகிறோம் என்று அது எண்ணிக்கொண்டே இருந்தது. சுமார் 90 முறை ஆனதும் கோப்புகளின் பெயர்களைக் குழப்பி, அடைவுகளை மறைத்து, "உரிமக் கட்டணம்" கேட்டது. 189 டாலரைப் பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு, பிசி சைபோர்க் என்ற நிறுவனத்தின் பெயரில் அனுப்ப வேண்டுமாம். இன்று மருத்துவமனைகளையும் நகராட்சிகளையும் முடக்கும் ரான்சம்வேருக்கு இதுதான் மூத்த அண்ணன்.

இதன் பின்னணியில் கைது செய்யப்பட்டவர் ஜோசப் பாப் என்ற அமெரிக்க உயிரியலாளர், ஹார்வர்டில் படித்தவர். மனநிலை காரணமாக அவர் விசாரணைக்குத் தகுதியற்றவர் என்று பிரிட்டன் நீதிமன்றம் முடிவு செய்ததால் வழக்கு நடக்கவில்லை. அவருடைய பூட்டு பலவீனமானது. விஷயம் தெரிந்தவர்கள் சீக்கிரமே மாற்று நிரல் எழுதிக் கோப்புகளை மீட்டுத் தந்தார்கள். ஆனால் அதற்குள் பதறிப்போய் ஹார்ட் டிஸ்க்கையே அழித்துவிட்டு, சேர்த்து வைத்த ஆராய்ச்சித் தகவல்களை இழந்தவர்களும் இருந்தார்கள். அவர்களுக்குத் திருடனைவிடப் பதற்றம்தான் அதிக நஷ்டம் தந்தது. இந்த விஷயத்துக்குக் கடைசியில் மீண்டும் வருவோம்.

மின்னஞ்சலுக்குள் வந்த இணைப்பு

மின்னஞ்சல் நெடுங்காலம் வெறும் எழுத்தாகவே இருந்தது. படத்தையோ பாட்டையோ அதோடு சேர்த்து அனுப்ப எல்லோருக்கும் பொதுவான முறை எதுவும் இல்லை. அந்த முறையை உருவாக்கியவர்களில் ஒருவர் நதானியேல் போரன்ஸ்டீன். 1992 மார்ச் 11 அன்று தன் பாடகர் குழுவின் புகைப்படத்தையும், அவர்கள் பாடிய பாட்டின் ஒலிப்பதிவையும் இணைத்து அவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். மைம் எனப்படும் அந்த முறையில்தான் இன்றும் நம் மின்கட்டண ரசீதும், சங்கத்தின் வரவு செலவுக் கணக்கும், பேரக்குழந்தையின் படமும் வந்து சேர்கின்றன.

நட்புக்காகச் செய்த வசதி அது. பாட்டு வந்த அதே கதவு வழியே எந்த நிரலும் வரலாம் என்ற நிலையும் அதோடு வந்தது. வீடுகளில் கணினியும் அலுவலகங்களில் அவுட்லுக்கும் நிறைந்த 1990களின் பிற்பகுதியில் அந்தக் கதவை முதலில் பலமாகத் தட்டியது மெலிஸா.

"நீங்கள் கேட்ட ஆவணம்"

1999 மார்ச் 26. உங்கள் சக ஊழியரின் பெயரில் ஒரு மின்னஞ்சல் வருகிறது. தலைப்பிலேயே "இன்னாரிடமிருந்து முக்கியச் செய்தி" என்று அவர் பெயர் இருக்கிறது. உள்ளே, நீங்கள் கேட்ட ஆவணம் இதோ, வேறு யாரிடமும் காட்டாதீர்கள் என்ற பொருளில் ஒரு வரி. கூடவே ஒரு வேர்ட் கோப்பு.

நாம் எதையும் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் வேலை நெருக்கடியில், "கேட்டிருப்போமோ?" என்ற சந்தேகம் வரும். யாரிடமும் காட்டாதே என்றால் ஆவலும் வரும். திறந்ததும், வேர்டில் வேலைகளைத் தானாகச் செய்ய வைக்கும் 'மேக்ரோ' என்ற வசதி மூலம், முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பேருக்கு அதே மின்னஞ்சல் போகும். அந்த 50 பேரும் நம்மைத் தெரிந்தவர்கள். பெரிய நிறுவனங்கள் பலவும் தங்கள் மின்னஞ்சல் சேவையையே நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. எழுதிய டேவிட் ஸ்மித், ஒரே வாரத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் பிடிபட்டார். 2002இல் அவருக்கு 20 மாதச் சிறையும் 5,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன.

உலகம் பாடம் கற்றுக்கொண்டது என்று நினைத்திருந்தால், அதற்கு ஓராண்டு போதவில்லை.

2000 மே 4

அன்று வியாழக்கிழமை. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவில் கிளம்பிய மின்னஞ்சல் ஒன்று, சூரியனோடு சேர்ந்து மேற்கே நகர்ந்தது. முதலில் ஆசிய அலுவலகங்கள், பிறகு ஐரோப்பா, பிறகு அமெரிக்கா. எங்கெங்கு மக்கள் காலையில் வந்து கணினியைத் திறந்தார்களோ, அங்கெல்லாம் அது காத்திருந்தது. தலைப்பு: 'ஐ லவ் யூ'. உள்ளே, நான் அனுப்பியிருக்கும் காதல் கடிதத்தைப் பாருங்கள் என்று ஒரே வரி. அனுப்பியவர் முன்பின் தெரியாதவர் அல்லர். மேலாளர், கணக்குப் பிரிவு நண்பர், வெளியூர்க் கிளையில் இருப்பவர்.

இணைப்பின் பெயர் 'லவ் லெட்டர் ஃபார் யூ'. அதன் வாலில்தான் தந்திரம். கோப்புப் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் மூன்று நான்கு எழுத்துகள் அது எந்த வகை என்று சொல்லும். இந்தக் கோப்புக்கு இரண்டு வால்கள் இருந்தன: முதலில் 'டாட் டிஎக்ஸ்டி', அதன் பின்னால் 'டாட் விபிஎஸ்'. டிஎக்ஸ்டி என்றால் வெறும் எழுத்து, ஆபத்தில்லாதது. விபிஎஸ் என்றால் இயங்கும் நிரல். விண்டோஸ் தனக்குத் தெரிந்த வகைகளின் கடைசி வாலை வழக்கமாக மறைத்துவிடும். எனவே பலர் பார்த்தது 'டிஎக்ஸ்டி' என்ற அப்பாவி வாலை மட்டும்தான்.

திறந்ததும் அது முகவரிப் புத்தகத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தன்னை அனுப்பியது. படக் கோப்புகளை அழித்துத் தன் நகலை அங்கே வைத்தது. கடவுச்சொல் திருடும் இன்னொரு நிரலை இணையத்திலிருந்து இறக்கவும் முயன்றது. பிரிட்டன் நாடாளுமன்றமும் அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனும் மின்னஞ்சலை நிறுத்தின. சில நாட்களில் பாதிக்கப்பட்ட கணினிகள் கோடிக்கணக்கில் என்று அன்று மதிப்பிட்டார்கள்.

எழுதியவர் ஓனல் டி குஸ்மான், மணிலாவில் கணினி படித்த மாணவர். இணையத்துக்கு நிமிடக் கணக்கில் பணம் கட்ட வேண்டிய காலத்தில், மற்றவர்களின் கடவுச்சொல்லை எடுத்து இலவசமாக இணையத்தில் நுழைவது பற்றி அவர் ஆய்வுத் திட்டம் ஒன்றைக் கொடுத்திருந்தார். கல்லூரி அதை நிராகரித்திருந்தது. அவரைப் பிடித்தும் தண்டிக்க முடியவில்லை, ஏனென்றால் அப்போது பிலிப்பைன்ஸில் இதைக் குற்றமாக்கும் சட்டமே இல்லை. அடுத்த மாதம் அவசரமாகச் சட்டம் வந்தது, ஆனால் பழைய செயலுக்கு அது பொருந்தாது என்பதால் வழக்கு கைவிடப்பட்டது. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமும் அதே ஆண்டில்தான் ஜூன் மாதம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து ஒரு பிரிட்டிஷ் பத்திரிகையாளர் அவரைத் தேடிப் போனபோது, மணிலாவில் செல்போன் பழுதுபார்க்கும் சிறு கடையில் அவர் வேலை செய்துகொண்டிருந்தார். எழுதியது தான்தான் என்று ஒப்புக்கொண்டார். மனிதர்கள் அன்புக்கு ஏங்குகிறார்கள், அதனால்தான் அந்தத் தலைப்பை வைத்தேன் என்று விளக்கமும் சொன்னார். கணினியில் இருந்த ஓட்டையை அவர் அறிந்திருந்தார். மனிதர்களிடம் இருந்ததை இன்னும் நன்றாக அறிந்திருந்தார்.

அதன் பிறகு தலைப்புகள் மட்டுமே மாறின. 2001 பிப்ரவரியில் டென்னிஸ் வீராங்கனை அன்னா கோர்னிகோவாவின் படம் என்று வந்தது. அதற்கும் அதே இரட்டை வால்தான், 'ஜேபிஜி'க்குப் பின்னால் 'விபிஎஸ்'. அனுப்பியவர் 20 வயது டச்சு இளைஞர். அவருக்குச் சொந்தமாக நிரல் எழுதவும் தெரிய வேண்டியிருக்கவில்லை, இணையத்தில் கிடைத்த தயார் கருவியே போதுமாக இருந்தது. 2007 ஜனவரியில் ஐரோப்பாவைப் புயல் தாக்கியபோது, 230 பேர் பலி என்ற செய்தித் தலைப்போடு முழு விவரம் இணைப்பில் என்று வந்தது. காதல், கவர்ச்சி, பேரிடர் எல்லாம் ஒரே வேலைக்கு உதவின.

வேலை கேட்டு வந்த கடிதம்

இதுவரை சொன்னவை ஊரெல்லாம் இறைத்த விதைகள். அடுத்த கட்டத்தில் ஒரே ஒரு நிறுவனத்தைக் குறிவைத்துப் பொறுமையாக எழுதத் தொடங்கினார்கள். இதில் நமக்கு அருகிலேயே நடந்த கதை ஒன்று உண்டு.

2015 ஜனவரியில் டாக்காவில் உள்ள வங்கதேச மத்திய வங்கியின் ஊழியர்கள் சிலருக்கு, ரசேல் அஹ்லம் என்ற பெயரில் பணிவான மின்னஞ்சல் ஒன்று வந்தது. உங்கள் வங்கியில் வேலை செய்ய விருப்பம், என் பயோடேட்டா இதோ என்றது. லிங்க்கைச் சொடுக்கினால் ஒரு ஜிப் கோப்பு இறங்கும். வேலை கேட்டு வரும் விண்ணப்பத்தைத் திறந்து பார்ப்பதில் என்ன தவறு? திறந்தார்கள். அதன் வழியே உள்ளே நுழைந்தவர்கள் ஓராண்டு சத்தமில்லாமல் வங்கியின் கணினிகளுக்குள் உலவி, எங்கே எது இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வடகொரிய அரசுக்காகச் செயல்பட்டவர்கள் என்பது பின்னர் அமெரிக்க நீதித்துறை வைத்த குற்றச்சாட்டு.

2016 பிப்ரவரி 4, வியாழன் இரவு. நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த வங்கதேசத்தின் கணக்கிலிருந்து 35 பரிமாற்ற உத்தரவுகள் கிளம்பின. மொத்தம் 95 கோடியே 10 லட்சம் டாலர். நேரத்தைக் கவனியுங்கள். வெள்ளியும் சனியும் டாக்காவில் விடுமுறை. அவர்கள் ஞாயிறு வந்து விழித்தால் நியூயார்க்கில் விடுமுறை. திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு விடுமுறை. உத்தரவுகளை அச்சிட வேண்டிய பிரிண்டரையும் செயலிழக்கச் செய்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை பிரிண்டர் ஓடவில்லை என்றபோது, எல்லா அலுவலகங்களிலும் நடப்பது போல, வழக்கமான கோளாறு என்றே நினைத்தார்கள்.

பெரும்பகுதிப் பணத்தைத் தற்செயல் காப்பாற்றியது. பணம் போக வேண்டிய மணிலா வங்கிக் கிளை 'ஜூபிடர்' என்ற பெயருள்ள தெருவில் இருந்தது. அமெரிக்கத் தடைப் பட்டியலில் அதே பெயர் இருந்ததால் உத்தரவுகள் மறு பரிசோதனைக்கு நின்றன. இன்னொரு 2 கோடி டாலர் இலங்கையில் ஷாலிகா ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கணக்குக்குப் போனது. உத்தரவில் 'ஃபவுண்டேஷன்' என்பது 'ஃபேண்டேஷன்' என்று எழுத்துப் பிழையோடு இருந்தது. இடையில் இருந்த டாயிச்சே வங்கி இது என்ன என்று கேள்வி எழுப்ப, பணம் திரும்பியது. மணிலாவுக்குப் போன 8 கோடியே 10 லட்சம் டாலர் அங்கிருந்த சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. அதில் ஒரு பகுதிதான் மீட்கப்பட்டது. வங்கதேச மத்திய வங்கியின் ஆளுநர் பதவி விலகினார்.

இந்தக் கதையை எழுத்துப் பிழையின் பெருமையாகவே பலர் நினைவில் வைத்திருக்கிறார்கள். "பிழை இருந்தால் மோசடி" என்பது நாம் சொல்லும் இன்னொரு அறிவுரை. ஆனால் ஓராண்டுக்கு முன் கதவைத் திறந்த அந்த மின்னஞ்சலை எந்தப் பிழையும் காட்டிக்கொடுக்கவில்லை. இன்று செயற்கை நுண்ணறிவைக் கேட்டால், யாரும் எந்த மொழியிலும் பிழையில்லாத கடிதம் எழுதலாம், தமிழிலும்தான்.

வைரஸே இல்லாத பில்

சங்கத்தின் பொருளாளர்களும், சிறு தொழில் செய்யும் நம் குடியிருப்பாளர்களும் கவனிக்க வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. எவால்டாஸ் ரிமாசவ்ஸ்காஸ் என்ற லித்துவேனியர், தைவானில் உள்ள குவாண்டா என்ற கணினித் தயாரிப்பு நிறுவனத்தின் அதே பெயரில் லாட்வியாவில் ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்தார். பிறகு 2013 முதல் 2015 வரை, உண்மையான குவாண்டாவிடம் பொருள் வாங்கிக்கொண்டிருந்த கூகுளுக்கும் ஃபேஸ்புக்கிற்கும் பில்கள் அனுப்பப்பட்டன. போலி ஒப்பந்தங்கள், கையெழுத்து, முத்திரை எல்லாம் இருந்தன. இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து அவருடைய கணக்குகளுக்கு 12 கோடி டாலருக்கு மேல் அனுப்பின. 2019 டிசம்பரில் அவருக்கு 5 ஆண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

அந்தப் பில்கள் வேலை செய்ய எந்த வைரஸும் தேவைப்படவில்லை. ஆன்டிவைரஸ் அவற்றைச் சோதித்தால் "சுத்தம்" என்றுதான் சொல்லும். கணினியின் நுணுக்கம் எல்லாம் அறிந்த நிறுவனங்களே பில்லைப் பார்த்துப் பணம் அனுப்பினால், லிஃப்ட் பராமரிப்பு நிறுவனத்தின் பெயரில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்தவும்" என்று வரும் ஒரு பிடிஎஃப்பை நம் அலுவலக மேஜையில் யார் சந்தேகிப்பார்கள்?

பழைய உரையாடலின் நடுவே

2014இல் வங்கித் தகவல் திருட வந்த 'எமோடெட்' என்ற நிரல், சில ஆண்டுகளில் தந்திரத்தை இன்னும் கூர்மையாக்கியது. நாம் பிடிபட்டால், நம் பழைய மின்னஞ்சல் உரையாடல்களை அது எடுத்துக்கொள்ளும். போன மாதம் நீங்களும் உங்கள் ஆடிட்டரும் பேசிக்கொண்ட அதே உரையாடலுக்குப் பதிலாக, அதே தலைப்பில், உங்கள் பெயரில் அவருக்கு ஒரு வேர்ட் கோப்பு போகும். திறந்தால், "இது பழைய பதிப்பில் உருவானது, படிக்க 'எனேபிள் கன்டென்ட்' பொத்தானை அழுத்தவும்" என்று எழுதியிருக்கும். மெலிஸா பயன்படுத்திய அதே மேக்ரோதான். 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதை முடக்கின. அதே ஆண்டு நவம்பரில் அது மறுபடி தலைதூக்கியது.

இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாஃப்ட் 2022இல்தான் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. மெலிஸாவுக்குப் பிறகு இருபத்து மூன்று ஆண்டுகள். உடனே மோசடிக்காரர்கள் வேறு வகைக் கோப்புகளுக்கு மாறினார்கள். ஒரு கதவைப் பூட்டினால் அடுத்ததைத் தேடுவார்கள்.

இந்தியாவில் அந்த அடுத்த கதவு நம் கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன். கல்யாண அழைப்பிதழ், ஆர்டிஓ அபராதம் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளின் வாலில் 'ஏபிகே' என்று இருக்கும். ஏபிகே என்பது படமோ ஆவணமோ இல்லை, போனில் நிறுவப்படும் ஒரு செயலி. நிறுவியதும் குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். கொடுத்தால் வங்கியின் ஓடிபி நமக்கு வருவது போலவே அவர்களுக்கும் போகும். பிறகு நம் எண்ணிலிருந்தே நம் சொந்தக்காரர்களுக்கும் அதே 'அழைப்பிதழ்' போகும். 1987இல் கிறிஸ்துமஸ் மரம் செய்த அதே வேலை.

எதைப் பார்த்து அடையாளம் காண்பது?

இந்த வரலாற்றிலிருந்து நமக்குக் கிடைக்கும் அடையாளங்களை வரிசையாகத் தருகிறோம். வீட்டில் பெரியவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. யார் அனுப்பினார் என்பதற்கு முன்னால், நான் இதை எதிர்பார்த்தேனா என்று கேளுங்கள். கேட்காத ஆவணம், விண்ணப்பிக்காத ரீஃபண்ட், ஆர்டர் செய்யாத கூரியர் எதையும் திறக்க அவசரம் இல்லை.

2. அனுப்பியவரிடம் வேறு வழியில் கேளுங்கள். மின்னஞ்சல் வந்தால் போன் செய்யுங்கள். வாட்ஸ்அப்பில் வந்தால் அழைத்துப் பேசுங்கள். அதே மின்னஞ்சலுக்குப் பதில் போட்டு "நீங்கள்தான் அனுப்பினீர்களா?" என்று கேட்டால், "ஆமாம்" என்று திருடனே பதில் சொல்வான்.

3. கோப்பின் கடைசி வாலைப் பாருங்கள். இஎக்ஸ்இ, விபிஎஸ், ஜேஎஸ், பிஏடி, எல்என்கே, ஐஎஸ்ஓ, ஏபிகே ஆகியவற்றில் முடிந்தால் அதைத் திறக்காதீர்கள். உங்களுக்கு வரும் ரசீதும் அழைப்பிதழும் இந்த வகைகளில் வர வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு வால்கள் இருந்தால் உடனே சந்தேகப்படுங்கள். விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, 'வியூ', 'ஷோ', 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்று தேர்ந்தெடுத்தால் வால் மறையாமல் தெரியும்.

4. ஜிப் கோப்பும், அதைத் திறக்கும் கடவுச்சொல்லும் ஒரே மின்னஞ்சலில் வந்தால் கவனம். ஆன்டிவைரஸ் உள்ளே பார்க்க முடியாதபடி பூட்டிவிட்டு, சாவியை உங்களிடம் தருகிறார்கள்.

5. ஹெச்டிஎம்எல் கோப்பு இணைப்பாக வந்து, திறந்ததும் உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைக் கேட்டால் மூடிவிடுங்கள். அது போலி நுழைவுப் பக்கம்.

6. ஆவணத்தைப் படிக்க "எனேபிள் கன்டென்ட்" அழுத்தச் சொன்னாலோ, போனில் வெளிச் செயலியை நிறுவ அனுமதி கேட்டாலோ அங்கேயே நிறுத்துங்கள். வாகன அபராதம் உண்மையா என்று அறிய, பரிவாஹன் இணையதளத்தை நீங்களே தட்டச்சு செய்து திறந்து பாருங்கள்.

7. பயம், ஆசை, அவசரம், ரகசியம் இந்த நான்கில் ஒன்று கடிதத்தில் இருந்தால் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். இன்றிரவே மின்சாரம் துண்டிக்கப்படும் என்று மிரட்டுபவருக்கு, நீங்கள் பக்கத்து வீட்டாரிடம் கேட்பதுதான் பிடிக்காது.

ஏற்கெனவே திறந்துவிட்டால்?

பதற வேண்டாம். ஃபிளாப்பிக் கதையை நினைவில் கொள்ளுங்கள். முதலில் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். அந்தக் கருவியில் எந்தக் கடவுச்சொல்லையும் தட்டாதீர்கள். வேறொரு போனிலிருந்து வங்கியை அழைத்துக் கணக்கையும் கார்டையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குக் கைமாறுவதற்குள் சொன்னால்தான் நிறுத்தி வைக்கும் வாய்ப்பு அதிகம். மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறு கருவியில் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' பகுதியில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்றுங்கள். வந்த செய்தியை அழித்துவிடாமல் புகாருக்காக வைத்திருங்கள்.

பிறகு, வெட்கப்படாமல் குழுவில் சொல்லுங்கள். அடுத்த 'அழைப்பிதழ்' உங்கள் பெயரில்தான் எங்களுக்கு வரப்போகிறது. நீங்கள் ஐந்து நிமிடத்தில் சொன்னால் அது உங்களோடு நின்றுவிடும். பென்டகனும் நாடாளுமன்றமும் ஏமாந்த இடத்தில் நாம் ஏமாந்ததில் அவமானம் ஒன்றுமில்லை.

சங்கத்துக்கு ஒரு யோசனை

மெயின்டனன்ஸ் பணம் நம் அனைவருடைய பணம். எனவே நிர்வாகக் குழு பரிசீலிக்க மூன்று விஷயங்கள். ஒன்று, எந்த ஒப்பந்ததாரரும் வங்கிக் கணக்கு மாறியதாக எழுதினால், நம்மிடம் முன்பே இருக்கும் தொலைபேசி எண்ணில் பேசி உறுதி செய்யாமல் பணம் அனுப்பக் கூடாது. கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசக் கூடாது. இரண்டு, பெரிய தொகைகளுக்கு இரண்டு பேர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். மூன்று, சங்கக் கணக்குகளின் நகல் ஒன்றைக் கணினியோடு இணைக்காத தனி டிஸ்க்கில் மாதாமாதம் எடுத்து வைக்க வேண்டும்.

வாசலில் செக்யூரிட்டி வருகிறவரிடம் "எந்த வீடு?" என்று கேட்பதோடு நிற்பதில்லை. இன்டர்காமில் அந்த வீட்டுக்கு அழைத்து, "உங்களைப் பார்க்க இன்னார் வந்திருக்கிறார், அனுப்பலாமா?" என்று கேட்ட பிறகே உள்ளே விடுகிறார். இன்பாக்ஸுக்கு வரும் விருந்தாளிக்கும் அந்த ஒரு அழைப்பு போதும்.